ஏடனில் அமிர்தம் எடுத்துக்கொண்ட மகாராஜா



சொத்துத் தகராறில் தோத்துப்போய், மனசு ஒடிஞ்சு சாமி பக்கம் திரும்பினவங்க நம்ம சொந்தத்திலேயே நாலு பேர் இருப்பாங்க. இன்னைக்குப் பார்க்கப்போறது ஒரு மகாராஜா. வெளிநாட்டில் இருந்தபடி அப்பா சொத்துக்காக அலைஞ்சவர்.

பஞ்சாப் ஆண்ட ரஞ்சித் சிங்கின் கடைசி மகன் துலீப் சிங். பிறந்தது 1838. 5 வயசில் லாகூர் சிம்மாசனம். 10 வயசில், 1849-ல், கும்பெனியார் நாட்டையே எடுத்துக்கிட்டாங்க, கோகினூர் வைரம் உட்பட. தாயார் ஜிந்த் கௌரை அதுக்கு முன்னாடியே பிரிச்சு அனுப்பியாச்சு. ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்ட பிள்ளைக்கு என்ன புரிஞ்சிருக்கும், சொல்லுங்க!

1853-ல் கிறிஸ்தவரானார். அடுத்த வருஷம் இங்கிலாந்து. விக்டோரியா ராணிக்குச் செல்லப்பிள்ளை. பின்னாளில் எல்வெடன் என்ற ஊரில் பெரிய பண்ணை, வேட்டை, விருந்து.

1861-ல் கல்கத்தாவில் அம்மாவைப் பார்த்தார், 13 வருஷம் கழிச்சு. அந்த அம்மாவுக்குக் கண் பார்வை கிட்டத்தட்ட போயிருந்தது. மகனை விடாம கூடவே லண்டன் வந்துட்டாங்க. குடும்பத்துக்கு என்னென்ன சொத்து இருந்தது என்று மகன் காதில் போட்டது அவங்கதான். 1863-ல் காலமானாங்க. அந்த நாளில் அங்கே தகனம் செய்ய வழியில்லை. உடலைக் கப்பலில் கொண்டுவந்தார். பஞ்சாபுக்குப் போக அனுமதி இல்லை. நாசிக்கில், கோதாவரிக் கரையில் தகனம் நடந்தது. தான் வேற மதமானாலும் தாய்க்குத் தாயோட முறைப்படியே செஞ்சார், பாருங்க.

அப்புறம்தான் சொத்து விவகாரம். அப்பா மகாராஜா ஆகறதுக்கு முன்னாலேயே குடும்பத்துக்கு இருந்த நிலங்கள் தனிச்சொத்து, அது எனக்குச் சேரணும் என்பது அவர் வாதம். ஒப்பந்தத்தில் வருஷத்துக்கு 4 லட்சத்துக்குக் குறையாம பென்ஷன் என்று எழுதியிருந்தும் முழுசா வரலை என்பதும் குறை. பிரிட்டிஷ் மியூசியத்தில் உட்கார்ந்து பழைய அரசாங்க அறிக்கைகளைப் படிச்சார். 1882-ல் டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதினார். அரசாங்கம் அசையவே இல்லை. எடுத்துக்கிட்டவரே தீர்ப்பும் சொன்னா எப்படி இருக்கும்? அப்படித்தான்.

அந்தச் சமயம் உறவினர் தாக்கர் சிங் சந்தன்வாலியா லண்டன் வந்து, சீக்கிய நெறியை அவருக்கு மறுபடி சொல்லிக்கொடுத்தார். 1886 மார்ச் கடைசியில் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார் துலீப் சிங். ஏடனில் மறிச்சுட்டாங்க. பிறந்த மண்ணை மிதிக்க முடியலை. அங்கேயே மே 25-ம் தேதி அமிர்தம் எடுத்துக்கிட்டு மறுபடி சீக்கியரானார். அது அரசியல் கணக்கு என்பாரும் உண்டு. கணக்கும் இருந்திருக்கலாம். ஆனா எல்லாக் கதவும் சாத்தின பிறகு, யாரும் பிடுங்க முடியாத ஒண்ணை அவர் கேட்டு வாங்கிக்கிட்டார்னுதான் எனக்குத் தோணுது.

தாக்கர் சிங் வந்து தங்கின இடம் எது தெரியுமா? நம்ம பாண்டிச்சேரி! பிரெஞ்சு மண் என்பதால் ஆங்கிலேயர் கைவைக்க முடியாது. துலீப் சிங்கின் பிரதம மந்திரி என்ற பேரோடு இருந்தவர், 1887-ல் அங்கேயே காலமானார்.

துலீப் சிங் பாரிஸ், ரஷ்யா என்று உதவி தேடி அலைஞ்சார். ஒண்ணும் பலிக்கலை. உடம்பும் விழுந்தது. 1891-ல் ராணியைப் பார்த்து மன்னிப்பும் கேட்டார். 1893 அக்டோபர் 22-ல் பாரிஸில் உயிர் போச்சு. உடலை எல்வெடனுக்குக் கொண்டுபோய், அந்த ஊர் சர்ச்சில் கிறிஸ்தவ முறைப்படியே அடக்கம் பண்ணினாங்க. தாய்க்கு அவர் தேடிக் கொடுத்த ஆற்றங்கரை அவருக்குக் கிடைக்கலை.