ஒரு கேள்வி... அறுபதாண்டுத் தேடல்!

சிலப்பதிகாரம், மணிமேகலை, புறநானூறு ஆகிய பெயர்கள் இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1880-ஆம் ஆண்டில் நிலைமை வேறு. தமிழில் தேர்ந்த புலவர்களிலேயே பலர் அந்நூல்களைக் கண்ணால் கண்டதில்லை! பனையோலைச் சுவடிகளில் அவை உறங்கிக் கிடந்தன.

அவற்றைத் தேடி எடுத்து அச்சில் ஏற்றியவர்களுள் முதன்மையானவர் ‘தமிழ்த் தாத்தா’ உ. வே. சாமிநாதையர். தமிழ் படிக்கும் முறையே அவர் காலத்தில் மாறியது.

மடத்தில் படிப்பு

தஞ்சைச் சீமையில் உள்ள உத்தமதானபுரம் அவருடைய ஊர். 1855-இல் பிறந்தார். தந்தையார் சங்கீத வித்துவான். மகனுக்கோ தமிழின் மீதே ஆசை. 1871-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணாக்கராகச் சேர்ந்தார்.

அக்காலத்தில் படிப்பு என்றால் குருவின் எதிரே அமர்ந்து பாடம் கேட்பது. கேட்டதை மனப்பாடம் செய்வது. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் என்று பல நூல்களை ஐயர் கற்றார். 1876-இல் குரு காலமானார். அதன் பின்பு திருவாவடுதுறை மடத்தில் ஐயரே பாடம் சொன்னார். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 25.

முன்சீப் கேட்ட கேள்வி

அதே ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி. கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காண ஐயர் சென்றார். படித்த நூல்கள் எவை என்று முதலியார் விசாரித்தார். ஐயர் நீண்ட பட்டியல் சொன்னார். முதலியார் அதில் வியப்புக் காட்டவில்லை. அவற்றுக்கெல்லாம் முந்திய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். சீவக சிந்தாமணியின் பெயரைச் சொன்னார். ஐயர் அதைப் படித்ததில்லை!

மகாவித்துவானின் மாணாக்கர், கல்லூரி ஆசிரியர். கோபித்துக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். ஐயர் அப்படிச் செய்யவில்லை. முதலியாரிடமே பிரதியை வாங்கிப் படிக்கத் தொடங்கினார். கேள்வி கேட்ட முதலியாரும் அவரிடம் பாடம் கேட்க உட்கார்ந்தார்.

மீண்டும் மாணவர்

சிந்தாமணி சமண காவியம். சைவ மடத்தில் படித்தவருக்குப் பல இடங்கள் விளங்கவில்லை. கும்பகோணத்தில் இருந்த சமணர்களின் வீடு தேடிப் போனார். அந்நூலைப் பக்தியோடு ஓதி வந்த அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பின்னர் மணிமேகலைக்காகப் பௌத்த சமயத்தையும் ரங்காசாரியார் என்ற அறிஞரிடம் கேட்டறிந்தார்.

ஓலையைப் படிப்பதே பெரும்பாடு. எழுத்துக்குப் புள்ளி கிடையாது. ‘க’வும் ‘க்’கும் ஒன்றுபோல இருக்கும். ‘எ’, ‘ஏ’ என்ற வேற்றுமையும் இல்லை. பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியாது. பல பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்தே உண்மைப் பாடத்தைத் துணிய வேண்டும்.

நெருப்பில் போன ஏடுகள்

ஆகவே ஊர் ஊராக ஏடு தேடி அலைந்தார். செல் அரித்தவை பல. ஒடிந்து நொறுங்கியவை பல. நெல்லைச் சீமையில் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனார். அங்கிருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இட்டுவிட்டார்கள் என்று தெரியவந்தது. ஐயர் மனம் துடித்தது. எரிந்த ஏடு மீண்டும் வருமா? அதன் பிறகு ஒரு நாள் தாமதமும் அவருக்குப் பொறுக்கவில்லை.

1887-இல் சிந்தாமணி அச்சேறியது. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை வெளிவந்தன. நூலாசிரியர் வரலாறு, கதைச் சுருக்கம், அருஞ்சொல் அகராதி ஆகியவற்றையும் சேர்த்தார். குருவின் வாயிலிருந்தே வரவேண்டிய விளக்கம் புத்தகத்திலேயே கிடைத்தது. வசதியில்லாத பிள்ளையும் தானே படிக்கலாம்!

புதிய ஆராய்ச்சி

செய்யுளுக்குப் பொருள் சொல்வதோடு முன்பு படிப்பு முடிந்தது. இந்நூல்கள் வந்த பின் புதிய கேள்விகள் பிறந்தன. பழைய மன்னர்கள் யார்? கடல் வாணிபம் எப்படி நடந்தது? மக்கள் என்ன உண்டார்கள், எதை வணங்கினார்கள்? இலக்கியம் சரித்திரத்துக்கும் சான்றாயிற்று.

ஐயர் 1903 முதல் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியில் பணிபுரிந்தார். 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. 1940-இல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றை எழுதத் தொடங்கினார். பழம் பாடல்களில் மூழ்கியவர் வார இதழ் வாசகர்களுக்காக எளிய வசனம் எழுதினார்! அது முடியுமுன், 1942 ஏப்ரல் 28-ஆம் தேதி திருக்கழுக்குன்றத்தில் காலமானார்.

அவர் திரட்டிய சுவடிகள் சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்தில் உள்ளன. கற்றது போதும் என்று 25 வயதில் அவர் நின்றிருந்தால், அவற்றுள் எத்தனை ஏடுகள் மண்ணோடு மண்ணாகியிருக்கும்!