மலை ஏறிய சைக்கிள்காரர்

பிரான்சு நாட்டில் பால் தெ விவி என்று ஒருவர் இருந்தார். 1853-ல் பிறந்தவர். செயின்ட் எத்தியேன் நகரில் பட்டு வியாபாரம் செய்தார். ஆனால் மனம் முழுவதும் சைக்கிளிலேயே இருந்தது! பட்டு வியாபாரத்தை விட்டு, சைக்கிள் கடை வைத்தார். 1887-ல் சைக்கிள்காரர்களுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். வெலோசியோ என்பது அவருடைய புனைபெயர்.

ஊரைச் சுற்றிலும் மலை. அக்காலத்துச் சைக்கிளுக்குப் பின்னால் ஒரே பல்சக்கரம்தான். மேடு வந்தால் மூச்சு முட்டும். இறங்கித் தள்ள வேண்டியதுதான். ஏற்றத்துக்கு ஒன்று, சமதரைக்கு ஒன்று என்று சங்கிலியை மாற்றிப் போட வழி தேடினார் வெலோசியோ. கியர் சைக்கிள் பரவ அவரே பெரிய காரணம். பந்தயக்காரர்கள் ஏளனம் செய்தார்கள். பிரான்சைச் சுற்றிவரும் பெரிய பந்தயத்தில், ஓடும்போதே சங்கிலியை மாற்றும் கியருக்கு 1937-ல்தான் அனுமதி கிடைத்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

அவருக்குப் பந்தயத்தில் ஆசையில்லை. ஊர் பார்ப்பதில்தான் ஆசை. இறைச்சி தொடமாட்டார். சந்தடி இல்லாத இரவிலே கிளம்பி, ரோன் நதிப் பள்ளத்தாக்கு, ஆல்ப்ஸ் மலை என்று போய்க்கொண்டே இருப்பார்.

1930 பிப்ரவரி மாதம். வயது 76. நகரத் தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார், ஓட்டக்கூட இல்லை. வந்த காருக்கு ஒதுங்கினார். டிராம் வண்டி மோதிவிட்டது!

அவர் ஏறி இறங்கிய மலைக் கணவாயில் நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள்.