குற்றாலச் சாரலில் பிறந்த கணித மேதை எஸ்.எஸ். பிள்ளை

தண்பொருநையும் அதனோடு வந்து கலக்கும் சிற்றாறும் வளமூட்டும் நெல்லைச் சீமை, புலவர் பெருமக்களையும் விடுதலை வீரர்களையும் ஈன்ற பெருமையை நாம் மேடைதோறும் கேட்டு மகிழ்கிறோம். அதே மண் உலகக் கணித அறிஞர் வரிசையிலும் ஒருவரைத் தந்துள்ளது என்பதை நம் மாணவர்களில் பலர் அறியார். எஸ்.எஸ். பிள்ளை என உலகம் அறிந்த சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை அவர்களே அப்பெருமகனார். அவருடைய வாழ்வு ஒரு மேதையின் வரலாறு மட்டுமன்று. தக்க நேரத்தில் தக்க ஆசிரியர் கிடைத்தால் ஒரு மாணவன் எவ்வளவு உயரம் செல்ல முடியும் என்பதற்கும் அது சான்றாகும்.

பிள்ளை அவர்கள் 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் குற்றாலத்தை அடுத்த வல்லம் என்னும் ஊரில் சுப்பையா பிள்ளைக்கும் கோமதி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். அன்று திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர், 2019இல் உருவான தென்காசி மாவட்டத்தில் இன்று அடங்கியுள்ளது. பிறந்து ஓராண்டில் அன்னையை இழந்தார். பள்ளிப் படிப்பின் இறுதி ஆண்டில் தந்தையையும் இழந்தார். அத்துடன் அவர் கல்வி நின்றுபோயிருக்கக் கூடும். அவ்வேளையில் சாஸ்திரியார் என்ற ஆசிரியர், மாணவனின் அறிவுத்திறனைக் கண்டு பொருளுதவி செய்து படிப்பைத் தொடரச் செய்தார். அவர் கணித ஆராய்ச்சி எதுவும் செய்தவரல்லர். எந்தக் கணித நூலிலும் அவர் பெயர் ஒரு தேற்றத்திற்குச் சூட்டப்படவில்லை. ஆயினும் பிள்ளையின் தேற்றங்கள் அனைத்திற்கும் அடியில் அந்த ஆசிரியரின் ஈகை கிடக்கிறது என்றால் அது மிகையாகாது.

நாகர்கோவில் ஸ்காட் கிறித்துவக் கல்லூரியிலும், பின்னர்த் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் பயின்று பி.ஏ. பட்டம் பெற்ற பிள்ளை அவர்கள், 1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகை பெற்று ஆராய்ச்சி மாணவரானார். அங்கே அவருக்கு வாய்த்த நெறியாளர்கள் பேராசிரியர் கே. ஆனந்தராவ் அவர்களும் பேராசிரியர் ஆர். வைத்தியநாதசுவாமி அவர்களும் ஆவர். ஆனந்தராவ், கேம்பிரிட்ஜில் ஹார்டி என்னும் பேரறிஞரிடம் பயின்றவர். இராமானுசன் அங்கிருந்த அதே காலத்தில் தாமும் அங்கிருந்தவர். தாயகம் திரும்பிச் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்ற அவர், டி. விஜயராகவன், மீனாட்சிசுந்தரம், கே. சந்திரசேகரன், சி.டி. இராஜகோபால் முதலிய கணித அறிஞர்களுக்கும் வழிகாட்டியவர்.

இவ்விடத்தில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. ஆனந்தராவ் அவர்களின் முதன்மையான ஈடுபாடு பகுப்பாய்வுக் கணிதத்தில் இருந்தது. பிள்ளையின் உள்ளமோ எண் கோட்பாட்டில் ஊன்றி நின்றது. மாணவர் தம் துறையின் எல்லைக்குள்ளேயே நிற்க வேண்டும் என்று ஆசிரியர் வேலி கட்டியிருந்தால், எண் கோட்பாட்டுக்கு ஒரு பிள்ளை கிடைத்திருக்க மாட்டார். ஆராய்ச்சியின் ஒழுக்கத்தைக் கற்பித்துவிட்டு, ஆராய்ச்சியின் திசையை மாணவருக்கு விட்டுவிடுவதே நல்ல நெறியாளரின் இலக்கணம் எனலாம்.

1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் பணிபுரிந்த காலமே பிள்ளையின் வாழ்வில் பொற்காலம். வாரிங் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1770இல் எழுப்பிய ஒரு வினாவை அவர் அங்கே எடுத்துக்கொண்டார். எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களுக்கு மேற்படாத கூட்டுத்தொகையாக எழுதலாம். கன எண்களாயின் ஒன்பது போதும். அவ்வாறே நான்காம் படி, ஐந்தாம் படி, ஆறாம் படி என ஒவ்வொன்றுக்கும் எத்தனை எண்கள் போதும் என்பதே வினா. அத்தகைய ஓர் எல்லை ஒவ்வொரு படிக்கும் உண்டு என்பதை 1909இல் ஹில்பர்ட் நிறுவினார். அந்த எல்லை எவ்வளவு என்பது அவரால் சொல்லப்படவில்லை. 1936இல் பிள்ளையும் அமெரிக்க அறிஞர் டிக்சனும், ஒருவரையொருவர் சாராமல், உயர்ந்த படிகளுக்கான விடையை ஏறத்தாழ முழுமையாகக் கண்டனர். ஆறாம் படிக்கு 73 எண்கள் போதும் என்பதைப் பிள்ளை 1940இல் நிறுவினார். அதற்குக் குறைந்தால் போதாது என்பதை மாணவர்களும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 703 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். மூன்றின் ஆறாம் படி 729. அது 703ஐ விடப் பெரிது. ஆகவே இரண்டின் ஆறாம் படியாகிய 64ஐயும் ஒன்றையும் கொண்டே அதனை ஆக்க வேண்டும். பத்து அறுபத்து நான்குகள் 640. எஞ்சிய 63க்கு ஒன்றுகள் 63. ஆகக்கூடி 73.

ஆராய்ச்சிக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்ஸி. பட்டம் பெற்ற பிள்ளை அவர்கள், 1941இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்திற்கும், மறு ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கும் சென்றார். கல்கத்தாவுக்கு அவரை அழைத்தவர், இட்லரின் ஆட்சியில் பதவி இழந்து இந்தியாவில் அடைக்கலம் புகுந்த ஜெர்மானியப் பேராசிரியர் லெவி. அறிவுக்கு நாடும் இனமும் வேலியல்ல என்பதற்கு இந்த நட்பும் ஒரு சான்று.

1950இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் ஓராண்டுக் காலம் தங்கி ஆராயுமாறு பிள்ளையை அழைத்தது. ஹார்வர்டில் நடைபெற்ற உலகக் கணித அறிஞர் மாநாட்டிலும் அவர் பங்கேற்க வேண்டியிருந்தது. ஆனால் ஆகஸ்டு 31ஆம் நாள், கெய்ரோவிலிருந்து புறப்பட்ட அவரது விமானம் எகிப்து மண்ணில் வீழ்ந்து நொறுங்கியது. அதில் பயணம் செய்த 55 பேரும் மாண்டனர். அப்போது பிள்ளைக்கு வயது 49.

மனிதர் மறைந்தாலும் அவர் தொடங்கிய பணி மறையவில்லை. வாரிங் வினாவில் எஞ்சி நின்ற ஐந்தாம் படியைச் சீன அறிஞர் சென் ஜிங்ருன் 1964இல் முடித்தார். நான்காம் படிக்கு 19 என்பதை, பிள்ளை மறைந்த மறு ஆண்டில் பிறந்த இரா. பாலசுப்பிரமணியன் அவர்கள், பிரெஞ்சு அறிஞர் இருவருடன் சேர்ந்து 1986இல் நிறுவினார். பிள்ளையின் ஆய்வுரைகளைத் தொகுத்து 2010இல் வெளியிட்டவர்களில் அவரும் ஒருவர். படிகளின் வேறுபாடு பற்றிப் பிள்ளை முன்வைத்த ஊகமோ இன்னும் நிறுவப்படாமல், அடுத்த தலைமுறைக்குக் காத்திருக்கிறது.

நம் மதரஸாக்களில் ஸனது பெறும் ஆலிம், தம் உஸ்தாதின் பெயரையும் அவருடைய உஸ்தாதின் பெயரையும் வரிசையாகச் சொல்வார். கல்வி ஏட்டிலிருந்து மட்டும் வருவதன்று, ஆளிடமிருந்து ஆளுக்கு வருவது என்ற உண்மை அதில் பொதிந்துள்ளது. அறிவியலிலும் அதுவே முறை: ஹார்டியிடமிருந்து ஆனந்தராவ், ஆனந்தராவிடமிருந்து பிள்ளை. இச்சங்கிலியில், செங்கோட்டைச் சாலையோரத்துச் சிற்றூரில் பிறந்த அநாதைச் சிறுவனை முதலில் கைப்பிடித்து ஏற்றியவர் சாஸ்திரியார்.

இன்று நெல்லை வட்டாரக் கல்லூரிகள் பலவற்றிலும் முனைவர் பட்ட ஆய்வு நடைபெறுகிறது. ஆய்வுக்கூடங்களும் கணிப்பொறிகளும் பெருகியுள்ளன. பெருகிய கருவிகளுக்கு ஏற்ப வழிகாட்டும் உள்ளமும் பெருகியுள்ளதா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். நெறியாளரிடம் வந்து சேரும் ஆய்வு மாணவர் ஓர் அமானிதம். கையொப்பத்திற்காக அவரைக் காக்க வைப்பதும், நெறியாளரின் சொந்தப் பணிகளைச் சுமக்கச் செய்வதும் அந்த அமானிதத்திற்கு இழைக்கும் குறையாகும். கையில் வசதியில்லாத மாணவர் ஆய்வை நடுவழியில் விட்டுச் செல்லாமல் தாங்குவது சமுதாயப் பெரியோர்களின் கடமை. தமக்குக் கிடைத்ததை அடுத்தவருக்கு வழங்குவது மாணவர்களின் கடமை. வல்லத்தில் பிறந்த அம்மேதைக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி இதுவே.