11 வயதில் ஒலிம்பிக், 19 வயதில் ஆங்கிலக் கால்வாய்: யார் இந்த ஆரத்தி சாஹா?

விம்கோ நகர் டெப்போவில் மெட்ரோ ஏறி, அந்தப் பக்கக் கடைசி ஸ்டேஷனான விமான நிலையத்தில் இறங்கினால் சுமார் 32 கி.மீ. இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே இருக்கும் ஆங்கிலக் கால்வாயும் மிகக் குறுகலான இடத்தில் கிட்டத்தட்ட அவ்வளவு அகலம்தான். பெயரில் மட்டும்தான் கால்வாய். நம்ம பக்கிங்ஹாம் கால்வாய் மாதிரி நினைத்துவிட வேண்டாம், அது முழுக்க முழுக்கக் கடல்.

1959-ல் 19 வயது இந்தியப் பெண் ஒருவர் இதை நீந்திக் கடந்தார். நீரோட்டம் இழுத்த இழுப்பில் அவர் நீந்திய தூரம் 42 மைல், அதாவது சுமார் 67 கி.மீ. மெட்ரோவில் போய்த் திரும்பும் தூரம்! இதைச் சாதித்த முதல் ஆசியப் பெண், ஆரத்தி சாஹா.

படித்துறையில் தொடங்கிய நீச்சல்

1940 செப்டம்பர் 24-ல் கொல்கத்தாவில் பிறந்தவர். இரண்டரை வயதில் அம்மா இறந்துவிட, பாட்டிதான் வளர்த்தார். நான்கு வயதில் ஹூக்ளி ஆற்றின் படித்துறைக்குக் குளிக்கப் போன இடத்தில் நீச்சல் ஒட்டிக்கொண்டது. அதைக் கவனித்த அப்பா, ஹாட்கோலா நீச்சல் கிளப்பில் சேர்த்துவிட்டார். 1951 ஆசியப் போட்டியில் நீச்சலில் தங்கம் வென்ற சச்சின் நாக், ஆரத்தியின் திறமையைப் பட்டை தீட்டினார்.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியா சார்பில் போன பெண்கள் நான்கே பேர். அதில் ஆரத்திக்கு வயது 11. 200 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் 3 நிமிடம் 40.8 விநாடி, முதல் சுற்றோடு சரி. பதக்கம் இல்லாவிட்டாலும், ஒலிம்பிக் போன இந்தியர்களில் மிக இளையவர் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

கைவிட்டுப் போன முதல் முயற்சி

1958-ல் கிழக்கு பாகிஸ்தானின் பிரஜேன் தாஸ், அடுத்து மிஹிர் சென் என வங்காளிகள் இருவர் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தனர். ஆரத்திக்கும் ஆசை வந்தது. கொல்கத்தா தேஷ்பந்து பூங்கா குளத்தில் ஒரே மூச்சாக 8 மணி நேரம், பிறகு 16 மணி நேரம் நீந்திப் பழகினார்.

குளத்தில் பழகிவிடலாம், கடல் வேறு. அங்கே தண்ணீர் நம் வங்கக்கடல் போல வெதுவெதுப்பாக இருக்காது, உடம்பை விறைக்க வைக்கும். ஏறக்குறைய 6 மணி நேரத்துக்கு ஒருமுறை நீரோட்டம் திசை மாறும். கூடவே வரும் படகைத் தொட்டாலே அவுட். அதனால் எத்தனை மணிக்குக் கடலில் இறங்குகிறோம் என்பதுதான் பாதி வெற்றி.

1959 ஆகஸ்ட் 27-ல் அந்தப் பாதியே கைவிட்டுப் போனது. வழிகாட்டும் படகு 40 நிமிடம் லேட். கரையை நெருங்கிவிட்ட நிலையில், எதிர் நீரோட்டத்தில் நகர முடியாமல் திணறினார். படகோட்டியின் வற்புறுத்தலால் முயற்சியைக் கைவிட வேண்டியதாயிற்று. யாராக இருந்தாலும் அத்தோடு ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். ஆரத்தி கிளம்பவில்லை.

செப்டம்பர் 29. பிரான்ஸின் கிரி நே முனையில் காலை 5.55-க்கு மீண்டும் கடலில் இறங்கினார். 16 மணி 20 நிமிடம் கழித்து இங்கிலாந்தின் சாண்ட்கேட்டில் கரையேறி, இந்தியக் கொடியை ஏற்றினார்.

அதற்குப் பிறகு?

1960-ல் பத்மஸ்ரீ. விளையாட்டு வீராங்கனைகளில் இந்த விருது முதலில் கிடைத்தது இவருக்குத்தான். இங்கிலாந்து பயணத்தில் மேனேஜராக உடன் வந்த டாக்டர் அருண் குப்தாவைத் திருமணம் செய்துகொண்டார், ஒரு மகள் பிறந்தார்.

பிழைப்புக்கு? ரயில்வே வேலை. வடசென்னையில் குத்துச்சண்டை, கால்பந்து, கேரம் என்று விளையாடும் பிள்ளைகளுக்கும் ஸ்போர்ட்ஸ் கோட்டா ரயில்வே வேலை இன்றும் பெருங்கனவு. அன்றைக்கு பத்மஸ்ரீ வாங்கியவருக்கும் மாதச் சம்பளம் அங்கிருந்துதான் வந்தது.

1994 ஆகஸ்டில் மஞ்சள் காமாலையும் மூளைக்காய்ச்சலும் சேர்ந்து தாக்கின. 19 நாள் போராடி, 23-ம் தேதி காலமானார். வயது 53. ஐந்து ஆண்டுகள் கழித்து அவர் படத்தோடு 3 ரூபாய் தபால்தலை வந்தது. 2020-ல் 80-வது பிறந்தநாளுக்கு கூகுள் டூடுல் போட்டது.