பாலம் எவ்வளவு நகரும்? நிலநடுக்கக் கணக்கை மாற்றிய நேதன் நியூமார்க்

1985 செப்டம்பர் 19, காலை ஏழேகால் மணி தாண்டியதும் மெக்சிகோ நகரம் குலுங்கியது. நூற்றுக்கணக்கான கட்டடங்கள் சரிந்தன. ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். நகரின் மையத்தில் இருந்த 44 மாடி டோரே லத்தினோஅமெரிக்கானா மட்டும் அசையோ அசையென்று அசைந்துவிட்டு நிமிர்ந்து நின்றது. 1957-ல் வந்த நிலநடுக்கத்தையும் அது இப்படித்தான் கடந்தது.

அந்தக் கோபுரத்தை வடிவமைத்த பொறியாளர் லியோனார்டோ சீவர்ட். நிலநடுக்கக் கணக்குகளில் அவருக்குத் துணை நின்றவர் அமெரிக்கப் பேராசிரியர் நேதன் நியூமார்க். 1985-ல் நியூமார்க் உயிரோடு இல்லை. ஆனால், பெரிய கேபிள் பாலம் ஒன்று நிலநடுக்கத்தில் எங்கே சேதமடையும் என்று இன்றைக்குக் கணினியில் பார்ப்பவர்கள், அவர் போட்டுக் கொடுத்த வழியில்தான் நடக்கிறார்கள்.

யார் இவர்?

1910-ல் நியூ ஜெர்சியின் பிளெயின்ஃபீல்டில் பிறந்தவர். ரட்கர்ஸில் சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் போனார். 1934-ல் முனைவர் பட்டம் வாங்கியவர், கடைசிவரை அங்கேயே இருந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த ஆசிரியர்களில் ஒருவர் ஹார்டி கிராஸ். சிவில் மாணவர்கள் இன்றும் படிக்கும் ‘மொமென்ட் டிஸ்ட்ரிபியூஷன்’ முறையைத் தந்தவர். கடினமான கணக்கை ஒரே மூச்சில் தீர்க்காமல், படிப்படியாகத் திருத்திக்கொண்டே போகும் முறை அது. அந்தப் பாணி மாணவரிடமும் ஒட்டிக்கொண்டது.

குண்டு கற்றுக்கொடுத்த பாடம்

இரண்டாம் உலகப் போரின்போதும் அதன் பிறகும், குண்டு வெடித்தால் கட்டுமானங்கள் என்ன ஆகும் என்ற ஆய்வில் நியூமார்க் ஈடுபட்டார். குண்டுவெடிப்பில் ஒரு கட்டடம் கீறல்கூட விழாமல் தப்ப வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. வளையலாம், விரிசல் விடலாம். உள்ளே இருப்பவர்கள் மேல் இடிந்து விழக் கூடாது. அவ்வளவுதான்.

இதே பார்வையை நிலநடுக்கத்துக்கும் கொண்டுவந்தார். உடையுமா, உடையாதா என்று கேட்டால் போதாது. எவ்வளவு நகரும், நகர்ந்தபின் நிற்குமா என்று கேட்க வேண்டும். 1965-ல் லண்டனில் ஆற்றிய ரேங்கின் உரையில் அணைகளுக்கும் மண்கரைகளுக்கும் இதையே பொருத்திக் காட்டினார். சரிவில் இருக்கும் ஒரு கட்டை, ஒவ்வொரு குலுக்கலிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்குவதைப் போல மண்ணின் நகர்வைக் கூட்டிப் பார்த்தார்.

1959-ல் என்ன செய்தார்?

நிலம் ஆடும் விதத்துக்கு ஒழுங்கான சூத்திரம் கிடையாது. அதனால் நியூமார்க் நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டினார். இந்தக் கணத்தில் பாலம் எங்கே இருக்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்று தெரிந்தால், நொடியின் நூறில் ஒரு பங்கு கழித்து எங்கே இருக்கும் என்று கணக்கிடலாம். அந்த விடையை வைத்து அடுத்த துண்டு. இப்படியே நிலநடுக்கம் முடியும்வரை.

கையால் போட்டால் ஆயுசு போதாது. ஆனால் இல்லினாய்ஸில் 1952-ல் இலியாக் கணினி இயங்கத் தொடங்கியிருந்தது. அதை உருவாக்கிய ஆய்வகத்துக்குத் தலைவராக இருந்தவரும் இவரேதான். கட்டுமானமும் கணினியும் ஒரே ஆள் கையில் சேர்ந்தன. 1959-ல் வெளியான இந்த முறை, இன்று சாப்2000, ஓப்பன்சீஸ் போன்ற மென்பொருள்களில் அவர் பெயரிலேயே ஒரு தெரிவாக இருக்கிறது.

கேபிள் பாலத்துக்கு ஏன் இது வேண்டும்?

கேபிள் பாலத்தில் கோபுரத்திலிருந்து நேராக இறங்கும் கேபிள்கள் சாலைத்தளத்தை இழுத்துப் பிடிக்கின்றன. கேபிளால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. குலுக்கலில் ஒன்று தளர்ந்தால் சுமை பக்கத்துக் கேபிளுக்குப் போகும். கோபுரத்தின் அடியில் கான்கிரீட் விரிசல் விட்டால் பாலம் ஆடும் விதமே மாறிவிடும். கணத்துக்குக் கணம் குணம் மாறும் பாலத்தை ஒரே சமன்பாட்டில் அடக்க முடியாது. துண்டு துண்டாகத்தான் பின்தொடர வேண்டும்.

1999 செப்டம்பர் 21-ல் தைவானில் இதை நேரில் பார்த்தார்கள். ஜிஜி நிலநடுக்கம் வந்தபோது, ஒற்றைக் கோபுரம் கொண்ட சி-லு கேபிள் பாலத்தின் வேலை முடியும் கட்டத்தில் இருந்தது. கோபுரத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட் பெயர்ந்தது. ஒரு கேபிள் பிடியிலிருந்து கழன்றது. பாலம் விழவில்லை. பிறகு ஆய்வாளர்கள் அதைக் கணினியில் மறுபடி ஆட்டிப் பார்த்து, சேதம் ஏன் அங்கே வந்தது என்று தேடினார்கள்.

கணக்குக்கும் எல்லை உண்டு. எந்தக் குலுக்கல் வரும் என்பதை அது சொல்லாது. தவறான குலுக்கலைக் கொடுத்தால் தவறான விடைதான் வரும். அதனால் ஒரு பாலத்தைப் பல நிலநடுக்கப் பதிவுகளில் ஆட்டிப் பார்ப்பதுதான் வழக்கம்.

அவர் பார்க்காத தேர்வு

அலாஸ்காவைக் குறுக்கே கடக்கும் எண்ணெய்க் குழாயின் நிலநடுக்க வடிவமைப்புக்கும் நியூமார்க் ஆலோசகராக இருந்தார். டெனாலி நிலப்பிளவைக் கடக்கும் இடத்தில் குழாயைத் தரையில் இறுக்கிக் கட்டவில்லை. வழுக்கும் தாங்கிகள் மேல் வளைத்து வைத்தார்கள். 1981 ஜனவரி 25-ல், 70 வயதில், அர்பானாவில் நியூமார்க் இறந்தார்.

2002 நவம்பர் 3-ல் 7.9 அளவு நிலநடுக்கம் அந்த இடத்தைக் குலுக்கியது. நிலம் 4 மீட்டருக்கு மேல் விலகியது. தாங்கிகள் சில சேதமடைந்தன. குழாயும் நிலத்தோடு சேர்ந்து நகர்ந்தது. ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கசியவில்லை.