மைசூர்ப் புலியும் இரும்பு வாணமும்

திருவிழா இரவில் சீறி எழும் வாணத்தைக் கண்டு மகிழாதவர் யார்? வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் கலந்த கருமருந்தே அதன் உயிர். வெடியுப்பு ஆக்சிஜனைத் தர, மற்ற இரண்டும் நொடியில் எரிகின்றன. அப்போது பிறக்கும் வாயு வாணத்தை உந்தித் தள்ளுகிறது. அந்த வாணத்தைப் போர்க்களத்தில் பறக்கவிட்டு ஆங்கிலேயரை அஞ்ச வைத்தவர் திப்பு சுல்தான்.

தேவனஹள்ளியில் பிறந்த திப்பு சிறு குழந்தையாக இருந்தபோது, 1755ஆம் ஆண்டு வாக்கில், அவருடைய தந்தை ஹைதர் அலி திண்டுக்கல்லின் படைத்தலைவரானார். பிரெஞ்சுக்காரர் துணையோடு அங்கே ஆயுதச்சாலை அமைத்தார். பொட்டிப்புரத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் அந்த மலைக்கோட்டையை இன்றும் காணலாம்.

மைசூர் வாணத்தின் சிறப்பு அதன் இரும்புக் குழல். காகிதக் குழலைவிட அதிக அழுத்தத்தைத் தாங்கியதால், மூங்கிலில் கட்டிய அந்த வாணம் வெகுதூரம் பாய்ந்தது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலேயரின் மருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. வெற்றி மைசூருக்கே கிடைத்தது.

1782இல் தந்தை மறைய, திப்பு அரியணை ஏறினார். 1784இல் மங்களூர்க் கத்தோலிக்கர் பல்லாயிரவரைச் சிறைப்படுத்தி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டு சென்றதும் அவரே. அவரது வீரத்தைப் போற்றும் நாம் அந்த மக்களின் கண்ணீரை மறைத்தல் தகாது.

1792இல் தோல்வியுற்ற திப்பு பாதி நாட்டை இழந்தார். திண்டுக்கல்லும் ஆங்கிலேயர் வசமாயிற்று. மைந்தர்களில் இருவரைப் பிணையாக அனுப்ப நேர்ந்தது. 1799 மே 2 அன்று எதிரியின் குண்டு பட்டு ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையிலிருந்த வாணக் கிடங்கே வெடித்தது. பொள்ளிலூரில் துணை நின்ற அதே மருந்து இங்கே பகையாயிற்று. மே 4 அன்று திப்பு போரிட்டு மடிந்தார்.

அவருடைய வாணங்கள் இங்கிலாந்துக்குச் சென்றன. அவற்றை ஆராய்ந்து காங்கிரீவ் என்பவர் புதிய வாணங்களைச் செய்தார். 2018இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்து நகரா என்னும் ஊரில், பழங்கிணற்றைத் தோண்டியபோது துருப்பிடித்த ஆயிரம் வாணங்கள் வெளிப்பட்டன. சேற்றில் அப்போதும் வெடிமருந்து வாடை வீசியதாம்!

மருந்து என்றால் நோய் தீர்ப்பது. அதே சொல்லால்தான் வெடிமருந்தையும் அழைக்கிறோம். ஆக்குவதும் அழிப்பதும் பொருளில் இல்லை, அதை ஏந்தும் கையில்தான் இருக்கிறது. விஞ்ஞானம் பயிலும் மாணவியராகிய நாம் இதை மனத்தில் இருத்துவோம்!