செத்த ஆட்டை எங்கே புதைக்கிறீர்கள்? லூயி பாஸ்டர் வாழ்க்கை தரும் பாடம்

தென்காசி, குற்றாலம் பகுதியில் ஆடு வளர்க்கும் விவசாயிகளே! சாரல் தொடங்கிவிட்டால் மேய்ச்சலுக்குக் குறைவில்லை. ஆனால் மண் நனைந்து புதுப்புல் முளைக்கும் நாட்களில்தான் அடைப்பான் நோயும் தலைகாட்டும். மாலையில் நன்றாக மேய்ந்து திரும்பிய ஆடு, விடியும்போது பட்டியில் வயிறு உப்பிச் செத்துக் கிடக்கும். இந்த நோய் நிலத்தில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடி அலைந்தவர் லூயி பாஸ்டர்.

தோல் பதனிடுபவரின் மகன்

பாஸ்டர் 1822 டிசம்பர் 27 அன்று பிரான்ஸ் நாட்டின் டோல் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவுக்குத் தோல் பதனிடும் தொழில். மகன் படித்தது வேதியியல்; மருத்துவம் அல்ல. 1865-ல் பட்டுப்புழுக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது அரசு அவரை அனுப்பியது. தாய் அந்துப்பூச்சியை நுண்ணோக்கியில் சோதித்து, நோயில்லாத முட்டைகளை மட்டும் வளர்க்கும் முறையைக் கொண்டுவந்தார். பட்டு வளர்ப்பில் அந்தச் சோதனை இன்றும் நடக்கிறது.

இதற்கிடையே மூன்று மகள்களை நோய்க்குப் பறிகொடுத்தார். 1868-ல் பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்தது. அப்போது வயது 45. அதன் பிறகுதான் ஆடுகள் பக்கம் வந்தார்.

சாபம் பிடித்த நிலம்

அந்நாட்களில் பிரான்ஸில் சில மேய்ச்சல் நிலங்களைச் சாபம் பிடித்தவை என்று ஒதுக்கினார்கள். அங்கே மேய்ந்த ஆடுகள் ஆண்டுதோறும் செத்தன. அடைப்பான் கிருமி விதை போல உறங்கிக் கிடக்கும் என்பதை 1876-ல் ஜெர்மனியின் ராபர்ட் காக் காட்டியிருந்தார். ஆனால் குழிக்குள் போன கிருமி மேலே வருவது எப்படி?

சார்த்ர நகரின் பக்கத்தில், அறுவடை முடிந்த ஒரு வயலில் ஓரிடம் மட்டும் மண் நிறம் மாறியிருப்பதைப் பாஸ்டர் கவனித்தார். விசாரித்தபோது, முந்தைய ஆண்டு செத்த ஆடுகளைப் புதைத்த இடம் என்று தெரிந்தது. குனிந்து பார்த்தார். மண்புழு எச்சம் குவிந்து கிடந்தது. மண்ணோடு சேர்த்துக் கிருமியையும் மண்புழு மேலே கொண்டுவருகிறது என்ற முடிவுக்கு வந்தார். மண்புழு நம் நண்பன்தான். வயலுக்குள் ஆட்டைப் புதைத்ததுதான் தவறு. உழவும் வெள்ளமும்கூடக் கிருமியை மேலே கிளப்பும்.

ஊர் பார்க்க நடந்த சோதனை

1881 மே 5 அன்று, பூயி-லெ-ஃபோர் என்ற ஊரின் பண்ணையில் 24 செம்மறிகளுக்கும் ஒரு வெள்ளாட்டுக்கும் தடுப்பூசி போட்டார். மே 17-ல் இரண்டாவது ஊசி. அதே எண்ணிக்கையில் இன்னொரு கூட்டத்தை ஊசி போடாமல் விட்டார். மே 31-ல் இரண்டு கூட்டத்துக்கும் வீரியமான கிருமியைச் செலுத்தினார். ஜூன் 2-ல் ஊரே திரண்டது. ஊசி போட்டவை நின்று மேய்ந்தன. போடாதவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே செத்துக் கிடந்தன. மீதி அன்றைக்குள் விழுந்தன.

1885-ல் வெறிநாய் கடித்த சிறுவனுக்கு ஊசி போட்டு உலகப் புகழ் பெற்றார். 1895 செப்டம்பர் 28 அன்று காலமானார். குன்னூரில் 1907-ல் தொடங்கிய நிறுவனம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. நம் கால்நடைகளுக்கான தடுப்பூசிகள் ராணிப்பேட்டையில் தயாராகின்றன.

நீங்கள் செய்ய வேண்டியவை

* தினமும் காலையில் பட்டியைத் திறக்கும்போது ஆடுகளை எண்ணுங்கள். ஒதுங்கி நிற்பது, அசைபோடாதது எது என்று பாருங்கள்.
* திடீரென்று செத்த ஆட்டின் வாய், மூக்கு, ஆசனவாயில் உறையாத கறுத்த ரத்தம் வடிந்தால் அடைப்பானாக இருக்கலாம். அறுக்காதீர்கள், தோலை உரிக்காதீர்கள், கறியைப் பங்கு போடாதீர்கள். காற்றுப் பட்டால் கிருமி உறங்கும் நிலைக்குப் போய்ப் பல ஆண்டுகள் மண்ணில் கிடக்கும். மனிதருக்கும் தொற்றும்.
* உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்; 1962 என்ற எண்ணையும் அழைக்கலாம்.
* மருத்துவர் சொல்லும் இடத்தில் ஆறடிக்குக் குறையாத குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். சிற்றாற்றங்கரை, வாய்க்கால், குளத்து உள்வாய் வேண்டாம். அந்த இடத்துக்கு வேலி போட்டு, மேய்ச்சலை நிறுத்துங்கள்.
* முன்பு நோய் வந்த ஊர் என்றால், மழைக்கு முன்பே ஆண்டுக்கு ஒருமுறை தடுப்பூசி போடுங்கள்.

பிசான அறுவடை முடிந்து உங்கள் வயலில் கிடை போட வரும் கீதாரியிடமும் இதைச் சொல்லுங்கள். பழைய புதைகுழி எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும்; அவருக்குத் தெரியாது.